நூற்றுக்கு ஆறு

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீ, உன் மனைவி, பிள்ளை எல்லாரும் நலமா? உங்கள் தெருவுக்குப் பின்னால் நீ பார்த்து வைத்த வீட்டுக்கு முழு விலையையும் நேற்று அனுப்பிவிட்டேன். பதினெட்டு வருஷ நர்ஸ் உத்தியோகம் அப்படியே அதில் போய்விட்டது. நாலு கட்டில் போட்ட இந்த ஹாஸ்டல் அறையை விட்டுக் கிளம்பினால் இனி நேரே என் வீட்டுக்குத்தான்.

விலைக்கு மேலே எவ்வளவு ஆகும்? பத்திரம், பதிவு, வக்கீல், தரகர், பெயிண்ட், வயரிங் எல்லாம் சேர்த்துச் சொல். கையில் மிச்சம் கொஞ்சம்தான். பவர் உன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருப்பதால் எல்லாம் உன் கையெழுத்தில்தான் நடக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். விலையில் நூற்றுக்கு ஆறு அனுப்பு, போதும். அதற்கு மேல் ஒரு காசு ஆகாது. என் வேனை எடுத்துக்கொண்டு போய் நான் எத்தனை வீட்டுக்கு வயரிங் கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன்! சொன்ன தொகைக்கு மேல் யாரிடமும் கை நீட்டியதில்லை. நீ நிம்மதியாக ஊசி போடு.

வாலு

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட ஆறையும் அனுப்பினேன். பதிவு முடிந்து பத்து நாளாகிறது. நகல் கண்ணில் படவில்லை.

எங்கள் ஹெட் நர்ஸ் போன வருஷம் வீடு வாங்கினவர். ஆறு என்றதும் சிரித்தார். "ஆறா? எங்களுக்குப் பதினொண்ணு ஆச்சு. பத்திரத்துக்கே ஏழு போயிடும். எங்கேயோ இடிக்குதே. விலையைக் குறைச்சு எழுதியிருப்பான். இல்லாட்டி பாதி வீட்டைத் தன் பேருல எழுதிட்டு, பாதிச் செலவைத் தானே போட்டிருப்பான்" என்றார். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்று சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. நீ அதிகமாகக் கேட்டிருந்தால்கூட இப்படி உறுத்தியிருக்காது.

பத்திர நகலும் ரசீதுகளும் அனுப்பு. தப்பாக நினைக்காதே.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரம் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. ரசீதுகளை எங்கேயோ வைத்திருக்கிறேன், தேட வேண்டும். இப்போது என்ன அவசரம்? வயரிங் பாதியில் நிற்கிறது. வெளி வேலைகளுக்கு ட்ரில் மெஷினையும் ஏணியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. உன் தோள் வலி எப்படி இருக்கிறது?

வாலு

மே 2

தம்பிக்கு,

என் தோளை விடு. நான் கேட்டது ரசீது. "எங்கேயோ வைத்திருக்கிறேன்" என்று எழுத உனக்குக் கை வந்ததா? ஆணியைக்கூட எண்ணி வாங்குகிறவன் நீ.

வரும் புதன்கிழமை ஒரு வக்கீலை அனுப்புகிறேன். அவரிடம் எல்லாவற்றையும் காட்டு. மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?

அக்கா

மே 15

அக்காவுக்கு,

வக்கீல் வந்தார். பத்திரத்தைப் பார்த்தார். முழு விலை, உன் ஒருத்தி பெயர். பிறகு ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு வருதே, மீதி அஞ்சை யார் போட்டது?" என்று கேட்டார்.

வேனை விற்றேன். தப்பு என்னுடையதுதான். பத்திரச் செலவு தெரியாமல், வயரிங்குக்குச் சொல்வது போல வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பிறகு மாற்றிச் சொன்னால் நீ "வீடே வேண்டாம்" என்று ஹாஸ்டலிலேயே கிடந்திருப்பாய். ரசீதைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்று மறைத்தேன்.

வேன் போனதில் வருத்தமில்லை. தண்ணீர் டம்ளரோடு நின்ற என் மனைவி, "உங்க அக்காவா இவர அனுப்பினாங்க?" என்று கேட்டாள்.

வயரிங் முடிந்துவிட்டது. உங்களால் கையைத் தூக்க முடியாதே என்று எல்லா சுவிட்சையும் இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறேன். சாவியை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய ஃபீஸ் செலவுப் பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொள்ளவும். சாவிக்கு ரசீது வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

ஜூலை 3

என் வாலுவுக்கு,

சாவி வந்த பிறகு நான் எழுதும் நாலாவது கடிதம் இது. வேனுக்காக முதல் தவணையாக நான் அனுப்பிய மணியார்டரும் திரும்பி வந்துவிட்டது. நானும் குடிவந்துவிட்டேன், நீ பின் தெருவில்தான் இருக்கிறாய். உன் வாசலில் வந்து நின்றால் உன் மனைவி "அவர் வேலைக்குப் போயிட்டாரு அண்ணி" என்கிறாள். உன் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது.

சந்தேகப்பட்டது நான். என்னைத் திட்டு, அடி, வாங்கிக்கொள்கிறேன். இப்படிப் பேசாமல் இருக்காதே.

குளியலறை விளக்கு எரியவில்லை. வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடமாட்டேன், இருட்டிலேயே குளிக்கிறேன். நீ வந்து பார். எவ்வளவு ஆகும் என்று கேட்கமாட்டேன்.

அக்கா