சளி என்று எழுதினேன்

பிப்ரவரி 3
முகாம் கடிதம் வந்துவிட்டது. வெளிநாட்டு டாக்டர்கள், ஐந்து நாள், உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் வாயெல்லாம் பல்லாகச் சுற்றி வருகிறார். பட்டியல் போடுவது தலைமை நர்ஸ் வேலை, அதாவது என் தலையில். போன வருடம் வந்தவர்கள் நாற்பது பேருக்குச் செய்துவிட்டு சனிக்கிழமை விமானம் ஏறினார்கள். திங்கட்கிழமையே தையல் பிரிய ஆரம்பித்தது. மொத்தம் ஏழு பிள்ளைகள். எப்படித் தைத்தார்கள் என்று பார்க்க ஒரு தாள் இல்லை, கேஸ் ஷீட்டையெல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். தாய்மார்களிடம் திட்டு வாங்கியது யார்? நான்தான்.

பிப்ரவரி 6
தங்கை தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினாலு மாதம், மேல் அண்ணத்தில் பிளவு. இங்கே அதைத் தைக்க ஆள் இல்லை. தலைநகரத்தில் மூன்று வருட வரிசை. "பேச்சு வர்றதுக்குள்ள பண்ணிடணும்னு நீதானே சொன்ன, அக்கா?" சொன்னேன்தான். பெயரை எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 17
வந்துவிட்டார்கள். ஒரு பெண் டாக்டர், கூட ஆறு பேர். ஒருவன் வார்டுக்குள் நுழைந்ததுமே கேமராவை எடுத்தான், டாக்டர் உள்ளே வைக்கச் சொன்னாள். நல்லவள் மாதிரிதான் தெரிகிறது. போன வருடம் வந்தவரும் சாக்லேட் கொடுத்தார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை. அதே சனிக்கிழமை!

பிப்ரவரி 18
எழுதவே கை கூசுகிறது. நாளை தங்கை பிள்ளையின் முறை. நெஞ்சு சுத்தம், காய்ச்சல் இல்லை. தாளில் 'சளி, காய்ச்சல்' என்று எழுதினேன். அப்படி இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். டாக்டர் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெயரை அடித்தாள். ஊரார் பிள்ளைக்குத் தையல் பிரிந்தால் பார்த்துக்கொள்வேன் — தங்கை மகள் வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தங்கை அழுதாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 21
இந்த முறை பதினோரு பேர்தான். கவனிக்க முடிகிற அளவுக்குத்தான் செய்வார்களாம். ஒவ்வொருவருக்கும் என்ன செய்தாள் என்று எழுதி, ஒரு பிரதியை என் அலமாரியிலேயே வைத்தாள் டாக்டர். அவர்கள் நர்ஸ் ஒருத்தி மூன்று வாரம் இங்கேயே தங்குகிறாளாம். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? நான் கேட்டேனா? ஓடிப்போய், ஒரு பிள்ளைக்குச் சளி குறைந்துவிட்டது, செய்ய முடியுமா என்றேன். மயக்க மருந்துக் கருவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 13
ஒரு பிள்ளைக்கு மட்டும் லேசாகத் தையல் விட்டது. தங்கிய நர்ஸே சரி செய்துவிட்டாள். டார்ச் அடித்துப் பார்க்கும்போது இன்னும் இரண்டு பேருக்காவது பிரிந்திருக்காதா, நான் செய்தது சரியென்று ஆகாதா என்று — சீ, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 14
தங்கையிடம் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. "அன்னிக்கு அவளுக்குச் சளியே இல்லைன்னு எனக்கும் தெரியும். நர்ஸு நீ, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 2
தங்கை இன்னும் போன் எடுக்கவில்லை.

ஜனவரி 28
இந்த வருடம் முகாம் இல்லையாம், வேறு நாட்டுக்குப் போகிறார்களாம். தலைநகர வரிசையில் பிள்ளையின் பெயர் கொடுத்தாயிற்று. அதற்கு ஆஸ்பத்திரிக் கையெழுத்து வாங்கத் தங்கை வந்தாள். பிள்ளை என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். காற்றெல்லாம் மூக்கு வழியே போகிறது, ஒன்றும் புரியவில்லை. மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக. தங்கை என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"பெரியம்மான்னு கூப்பிடுறா."