எல்லாரும் இடது கை

நவம்பர் 3, திங்கள்
என் ஆய்வுத் தலைப்பை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிப் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுத் தென்கிழக்காசிய வரலாறு படிக்க வந்தவனுக்கு இது தேவைதான். என் ஆய்வே ஒரு பழைய புகைப்படத்தில் நிற்கிறது: பினாங்கில் தமிழ் முஸ்லிம் கல்யாண விருந்து, தெருவில் பாய், தாலம் என்ற பெரிய தட்டைச் சுற்றி நால்வர் நால்வராக ஆண்கள், பின்னால் பள்ளிவாசல் மினாரா. எந்தத் தெரு? கோணம் அளந்து, நான் சந்தேகித்த தெருவையே கணினியில் கட்டினேன். மினாரா வலப்பக்கம் வர வேண்டும். படத்தில் இடப்பக்கம். என் கணக்கு தப்பாது!

என் ஆய்வு நெறியாளர் டாக்டர் இஸ்ஸதி சொன்னார்: “நீ படத்தை அளக்கிறாய். பார்ப்பதில்லை.” அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. தெருவைக் காட்டாவிட்டால் தலைப்பு ரத்து.

நவம்பர் 5
அப்பா: “ஃபேக்டரில உன் இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்லா.” பையை எடுத்துக்கொண்டு பெர்ரி ஏறினேன்.

நவம்பர் 8, சனி
நண்பன் முஸ்தஃபாவின் அக்கா மகள் கல்யாணம். ஒரே தாலத்தில் நான்கு பேர். வலது கையில் ஃபோனைப் பிடித்து அவனுக்கு அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டே, இன்னொரு கையால் அப்பளம் எடுக்கப் போனேன். பரிமாற வந்த அவன் அக்கா காமாரியா பட்டென்று கையைத் தட்டினார்.

“தம்பி! பீச்சாங்கையா? நாலு பேர் சாப்பிடுற தாலம்லா!”

“வரலாறு படிச்சா கை மறந்துரும் போல,” என்றான் முஸ்தஃபா. சுற்றிலும் சிரிப்பு.

கையை இழுத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தேன்.

படத்தில் எல்லாரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். எல்லாரும்! அட மடையா — எத்தனை மாசமா பாக்குற இத?

எழுந்தேன். “சாப்பிட்டுப் போடா!” அக்கா அதட்டினார். உட்கார்ந்து சாப்பிட்டேன். வேகமாக.

நவம்பர் 9
பிரதி எடுத்தவன் கண்ணாடி நெகடிவ் தகட்டைத் திருப்பி வைத்திருக்கிறான். நான் படத்தைத் திருப்பினேன். மினாரா வலப்பக்கம். கோணம் அச்சாகப் பொருந்துகிறது.

நவம்பர் 14, வெள்ளி
“திரும்பியிருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார் குழுத் தலைவர். கணினியைத் திறக்கவே இல்லை. “சாப்பிடும் கையைப் பாருங்கள்,” என்றேன்.

குழுவே படத்தின் மேல் குனிந்தது. பிறகு டாக்டர் இஸ்ஸதி வாய்விட்டுச் சிரித்தார். “நம்ம துறை வராந்தாவில்தான் மாட்டியிருக்கு. தினமும் இதைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறோம்!”

தலைப்பு பாஸ். ஒரு திருத்தம்கூட இல்லை. ஜெயிச்சாச்சு!

நவம்பர் 24
படத்தைச் சரியாகத் திருப்பி அச்சிட்டு வராந்தாவில் மாட்டிவிட்டார்கள். கீழே என் பெயர். அப்பாவைக் கூட்டிப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாரும் ஒழுங்காத்தானே சாப்பிடுறாங்க. இதுல நீ என்னத்த கண்டுபிடிச்ச?”

“அதேதாம்பா.”

ஃபேக்டரிப் பேச்சை எடுக்கவில்லை. என் பெயரை ஃபோனில் படம் பிடித்தார் — இரண்டு தடவை.