எனக்குத் திறக்காத கிடங்கு

மார்ச் 3, செவ்வாய்
பெயின்ட் லாரி வந்தது. இறக்கி அடுக்கவே மதியமாகிவிட்டது. கிடங்கு அறைக்குள் போன மகள் பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "அப்பா, உள்ள அம்மா இருக்காங்க" என்றாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து பதினோரு மாதம். பதினாறு வயதுப் பெண்ணிடம் என்ன சொல்வது? பசிக்குதான்னு கேட்டேன்.

மார்ச் 5, வியாழன்
இன்றும் போய் வந்திருக்கிறாள். உள்ளே இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானமாம். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தாளாம். "காலைல பார்த்ததுக்கு வளர்ந்துட்டியேடி" என்றாளாம். நான் நம்பவில்லை. ஆனால் மகள் மணிக்கட்டில் பச்சைப் பெயின்ட், ஈரத்தோடு. அந்தப் பச்சையைக் கம்பெனி நிறுத்தி ஒரு வருஷமாகிறது. என்னிடம் ஒரு டின்கூட இல்லை. வியாபாரிக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மார்ச் 6, வெள்ளி
ஐந்து தடவை உள்ளே போனேன். டின்கள்.

மார்ச் 9, திங்கள்
வயிறு எரிகிறது. பெற்ற பெண் மேலேயே பொறாமை - எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிரஷ் கட்டைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்ற நாளிலிருந்து என்கூட நடந்தவள். பத்தொன்பது வருஷம். இவள் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா? மகள் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். இரண்டு பேருக்கும் டின்தான். "நீங்க வந்தா திறக்கலப்பா" என்றாள். பாவமாகத்தான் சொன்னாள். அதுவே இன்னும் எரிந்தது.

மார்ச் 12, வியாழன்
இதுதான் தாங்கவில்லை. ஏணியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஏணி, நான் வைத்த பெயர். பெயின்டர் மகன், இவள் வகுப்பு; உயரத்தைத் தவிர அவனிடம் வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. அவனுக்குத் திறந்திருக்கிறது.
"அவன எதுக்குடி கூட்டிட்டுப் போன?"
"அம்மாகிட்ட காட்டணும்போல இருந்துச்சு."
"எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியா?"
"நீங்க வேண்டாம்னுதான சொல்லுவீங்க."
இனி அவன் கடைப் படி ஏறக் கூடாது என்றேன். ஏதோ சொல்ல வந்தாள். விடவில்லை.

மார்ச் 13, வெள்ளி
கடை திறந்ததும் மகள் சுத்தியலை எடுத்துப் போய், திறந்து கிடந்த டின்களையெல்லாம் டம் டம்மென்று மூடினாள். பாதி கலந்ததைக்கூட.
"அம்மாதான் சொன்னாங்க. அவனப் பார்த்துட்டு, 'உங்கப்பா குதிப்பாரு, டின்ன மூடச் சொல்லு'ன்னாங்க. பெயின்ட் காயுதுன்னு குதிப்பீங்கல்ல, அதான்."
அது டின்னைப் பற்றிய பேச்சே இல்லை. விலை பேசி நான் மல்லுக்கட்டும்போது உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "டின்ன மூடுங்க." இந்த விலை சரிதான், இழுக்காமல் விட்டுக்கொடுங்கள் என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. மகளுக்குச் சொன்னதே இல்லை.
அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
"நெஞ்சு வலிக்குதாப்பா?"
இல்லை என்றேன்.

மார்ச் 20, வெள்ளி
மகளுக்கும் இப்போது திறப்பதில்லை. மூன்று நாளாக ஒரே அழுகை. ஏணி படி ஏறாமல் தெருவிலேயே நின்றான். உள்ளே போய் மகளிடம் பேசச் சொன்னேன்.

ஏப்ரல் 4, சனி
மகள் டியூஷனில் இருக்கும்போது ஏணி வந்தான். உட்காரச் சொன்னேன்.
"அன்னிக்கு கிடங்குல அவ அம்மா என்ன புடவை கட்டியிருந்தா?"
"கவனிக்கல அங்கிள்."
இவனுக்குப் போய்த் திறந்ததே.
"அப்ப என்னதான் கவனிச்ச?"
"என் செருப்பப் பார்த்து சிரிச்சாங்க. பயத்துல வேற வேற செருப்பு போட்டுட்டு வந்துட்டேன்."
"எப்படி சிரிச்சா?"
யோசித்தான். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்துக் காட்டினான்.
அப்படியேதான்.
இன்னொரு தடவை செய்யச் சொன்னேன்.