மூன்றாவது ரவுண்டில் விழ வேண்டும்

வேலந்தாவளம்
3-2-1931

அன்பு வேலுத்தாய்க்குச் சுருளிவேல் எழுதுவது. நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? கம்பளியை மடித்து வைத்து அழகு பார்க்காதே, போர்த்திக்கொள்.

சர்க்கஸில் எனக்குக் குத்துச்சண்டை வேலை. இத்தாலிக்காரர் லூய்ஜி ஊர் ஊராக ஜெயிக்கிறார், நான் தோற்கிறேன். முதல் நாளே முதலாளி செங்கோட்டையன், "மூணாவது ரவுண்டுல நீ உழுந்துரோணும் சுருளி. பத்திரமெல்லாம் வேண்டாம். பொறக்கப்போற புள்ள மேல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றார். அணைத்துவிட்டேன். பத்திரமாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன்.

லூய்ஜிக்கு இது தெரியாது. தன் ஊரில் கல் உடைத்தவராம். தன் கைதான் எல்லோரையும் சாய்க்கிறது என்று நம்புகிறார். விழுந்த என்னைத் தூக்கி நிறுத்தி முத்தம் வேறு கொடுக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

உன் சுருளிவேல்

தேவிகுளம் மலை, எஸ்டேட் லயம்
14-2-1931

மச்சானுக்கு, வேலுத்தாய் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு அன்னமேரி அக்கா எழுதுவது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளை மேல் சத்தியமா? நல்ல ஆம்பளை! முன்னே இரண்டு தங்காமல் போனது மறந்துவிட்டதா? சரி, செய்தது செய்தாயிற்று. எவ்வளவு அடி வேண்டுமானாலும் வாங்குங்கள். கற்பூரத்தை மட்டும் மீறாதீர்கள்.

வேலுத்தாய்

சித்தூர்
6-3-1931

வேலுத்தாய்,

லூய்ஜியைப் பம்பாய்க்குச் சண்டைக்கு அனுப்புகிறார்கள். எதிரி வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆள், மேடையிலேயே ஒருவனைக் கொன்றவனாம். "தோத்தா என்ன, கூட்டம் வந்தாப் போதும்" என்கிறார் முதலாளி. லூய்ஜியோ சிரித்துக்கொண்டே பெட்டி கட்டுகிறார். சைகையில் சொல்லிப் பார்த்தேன். பொறாமை என்று நினைத்து முதுகைத் தட்டுகிறார்.

ஒரு முறை நிஜமாக அடித்தால்தான், ஜெயித்ததெல்லாம் பொய் என்று அவருக்குப் புரியும். அடிக்காவிட்டால் அவர் சாவார். அடித்தால் நம் பிள்ளை... எழுதக் கை வரவில்லை. நீயே சொல்.

சுருளிவேல்

பாலக்காடு
15-3-1931

வேலுத்தாய்,

உன் பதில் வரும் முன்பே, அவர் பம்பாய் கிளம்புவதற்கு முந்திய கடைசி ஆட்டம் வந்துவிட்டது. மூன்றாவது ரவுண்டில் நான் விழவில்லை. ஒரே அடி. மல்லாந்து கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். பம்பாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுகிறார்.

என்னை முதலாளி துரத்திவிட்டார். இங்கே நம் ஊர்க் கருத்தப்பாண்டி அண்ணன் வீட்டில் இருக்கிறேன். வா என்று எழுதினால் அன்றே கிளம்புவேன்.

சுருளிவேல்

எஸ்டேட் லயம்
2-4-1931

மச்சானுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். சுகமாக இருக்கிறாள். உங்கள் மூக்கு.

நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. ஆனால் இவள் தும்மினால் எனக்கு உயிர் போகிறது. ஒரு வேளை பால் குடிக்காவிட்டால், இதோ வந்துவிட்டது என்று நடுங்குகிறேன். நீங்கள் வந்து இவளைத் தூக்கினால் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். வராதீர்கள் மச்சான்.

இவளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எழுதுங்கள். நீங்கள் சொல்லும் பெயரையே வைக்கிறேன்.

வேலுத்தாய்