ரைட் என்றால் போகலாம்

அப்பா,

உங்கள் துண்டை அம்மா இன்று துவைத்துவிட்டாள். டிரைவர் சீட்டின் முதுகில் போட்டிருப்பீர்களே, அந்தப் பச்சைக்கரைத் துண்டு. ஷெட்டிலிருந்து உங்கள் செருப்போடு ஒரு பையில் வந்த நாளிலிருந்து அது பீரோவில்தான் இருந்தது. கதவைத் திறந்தால் டீசலும் தலைவலித் தைலமும் கலந்த வாசனை வரும். இப்போது கொடியிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. நீங்கள் போன அன்றும் வரவில்லை.

அம்மா தூங்குகிறாள். நான் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விடிவதற்கு முன் அவள் எழுந்து உங்கள் பஸ்ஸை எடுக்கப்போகிறாள். ட்ரிப் முடிந்து ஷெட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகும் நீங்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்த அதே சீட்டில் உட்காரப்போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. என் பயம் தெரிந்தால் அம்மா வண்டியைத் தொடமாட்டாள். தொடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

காரியம் முடிந்த அன்றே பெரியப்பா பேச்சை எடுத்தார். “ஜூஜுவாடியில உங்களுக்கு யாரு இருக்கா? நம்ம ஊருக்கே, கல்லாவிக்கு வந்துடுங்க. பாப்பா பத்து முடிச்சதே போதும். நம்ம பக்கம் ஒரு பையன் கட வெச்சிருக்கான், நல்ல பையன்.”

நான் சொம்புத் தண்ணீரோடு அங்கேயே நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“பாப்பா படிக்கட்டும் மாமா” என்றாள் அம்மா.

“சோத்துக்கு?”

“வண்டி ஓட்டறேன்.”

“என்ன வண்டி?”

“அவரு வண்டி.”

பெரியப்பா என் கையிலிருந்த தண்ணீரை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்.

பஸ் ஓனரும் முதலில் “ஆகல்லம்மா” என்று கன்னடத்திலேயே முடித்துவிட்டார். “கார் லைசென்ஸ வெச்சிகிட்டு அம்பது சீட்டு வண்டியா?” அம்மா மறுநாளும் போய் நின்றாள், அதற்கடுத்த நாளும். கடைசியில் அவர் சொன்னார்: “ஸ்கூல் லீவு விடறதுக்குள்ள ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வா, வண்டி குடுக்கறேன். இல்லன்னா ரூம காலி பண்ணிடணும், தங்கச்சி. புது டிரைவருக்கு வேணும்.”

டெஸ்ட் அன்று டிரைவிங் ஸ்கூல் பஸ்ஸில் அம்மா நன்றாகவே ஓட்டினாள் அப்பா. கியர் போடும்போது உங்களைப் போலவே உதட்டைக் கடித்தாள். மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்தாள், ஒரு கம்பத்தையும் தொடவில்லை. நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி, பஸ்ஸை ரோட்டுக்கு எடுக்கச் சொன்னார். திரும்பி வந்தபோது, டெஸ்ட்டுக்கு வந்த ஆண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

முக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் “ரைட்” என்றிருக்கிறார். அம்மா ஆக்ஸிலேட்டரை மிதித்து நேராகப் போயிருக்கிறாள். அவர் சத்தமாக “ரைட்! ரைட்!” என்று கத்த, இவள் இன்னும் வேகமாகப் போயிருக்கிறாள்.

“ஏம்மா, ரைட்டுன்னு தொண்ட கிழிய கத்தறேன், எங்கம்மா போறீங்க?”

“ரைட்டுன்னா போலாம்னு தான சார்?”

“அக்கா, சார் இன்னொரு ரைட்டு சொல்லியிருந்தா பெங்களூரே வந்திருக்கும்!” என்றான் ஒருத்தன். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்துக்கொண்டேதான் ஃபெயில் போட்டார்.

அம்மாவுக்கு வேறு எப்படித் தெரியும்? உங்கள் கம்பெனி பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. கடைசியாக ஏறுகிற பெண்தான் குரல் கொடுக்க வேண்டும். பாகலூர் ஸ்டாப்பில் தினமும் கடைசியாக ஓடிவந்து ஏறி, மூச்சு வாங்க “ரைட்டுண்ணா” என்று சொன்ன பெண்ணைத்தானே நீங்கள் கல்யாணம் செய்துகொண்டீர்கள்? அந்த “ண்ணா”வை வைத்து அவளைக் கேலி செய்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது என்னைப் பின்படியில் நிறுத்தி அதைச் சொல்லச் சொல்வீர்கள். “ரைட்டுன்னா போலாம்னு மட்டும் இல்ல பாப்பா. கீழ யாரையும் விட்டுட்டுப் போகலன்னு அர்த்தம்.”

ஃபெயிலான அன்று டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். கண்டக்டர் “ரைட் ரைட்” என்றார். பஸ் நேராகப் போனது. அம்மா என் பக்கம் திரும்பி, “பாத்தியா?” என்றாள். அவ்வளவுதான்.

மறு டெஸ்ட்டுக்கு நான்தான் பழக்கினேன். அம்மா கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து தாம்பாளத்தைப் பிடித்துக்கொள்வாள். நான் பின்னால் நின்று “லெஃப்ட்” என்பேன், தாம்பாளம் திரும்பும். “ரைட்” என்பேன், கை அசையாது. வலது கால் மட்டும் தரையை அழுத்தும். “அம்மா, கால்!” என்று அதட்டுவேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “பஸ்ஸு எந்த ஊரு போகுது?” என்று கேட்பாள். “ஃபெயிலுக்கு” என்பாள் அம்மா. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இதுதான் வேலை. சாதம் போடும்போதும் திடீரென்று சொல்வேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் மறந்தது. கை கற்றுக்கொண்டது.

போன வாரம் அதே இன்ஸ்பெக்டர், அதே முக்கு. அவர் “ரைட்” என்று சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாராம். அம்மா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, வலது பக்கம் திருப்பினாள். பாஸ். பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னோம். “சரி, பாத்து ஓட்டச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை அப்பா. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது.

இன்று சாயங்காலம் ஓனர் வண்டியை வெளியே எடுத்துப் பார்க்கச் சொன்னார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். “சீட்டு பள்ளமா இருக்கு, ரோடே தெரியல” என்றாள். அதற்காகத்தான் துண்டைத் துவைத்தாள், மடித்துப் போட்டு உட்கார. நான் பின்னால் போய்ச் சுவரையும் டயரையும் பார்த்துவிட்டு, பழக்கத்தில் “ரைட்!” என்று குரல் கொடுத்தேன்.

பஸ் நகரவில்லை. அம்மா தலையை வெளியே நீட்டி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க என்ன பாப்பா?”

“ஒண்ணுமில்ல. போலாம்மா.”

நான் இங்கேயே படிப்பதற்காக அம்மா உங்கள் வார்த்தையை மறந்துவிட்டாள். நான்தான் மறக்கவைத்தேன். நாளைக்குக் கம்பெனிப் பெண்கள் ஏறி ஏறிச் சொல்லுவார்கள். பத்து ஸ்டாப்பில் அவள் கால் மறுபடி கற்றுக்கொள்ளும். அதுவரைக்கும் அதன் அர்த்தத்தை நான் வைத்திருக்கிறேன்.

விடியற்காலையில் ஷெட் வாசலில் நிற்பேன், டிரைவர் ஜன்னல் பக்கமாக. நீங்கள் சொன்னபடி பார்த்தால் “ரைட்” சொல்லக் கூடாது, ஏனென்றால் நான் கீழேதான் நிற்கிறேன். நீங்களும் ஏறப்போவதில்லை. இருந்தாலும் சொல்வேன். அம்மா வலது பக்கம் திரும்புவாள். அங்கே நான் இருப்பேன்.