சதுரகிரிக்கு வராத தீப்பெட்டி

தை அமாவாசைக்கு மறுநாள், 2006. எம். புதுப்பட்டி.

சதுரகிரி போய் வந்துவிட்டோம். தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனியில் எங்கள் அறை வெடித்தபோது நான் மட்டும் உயிரோடு வெளியே வந்தேன். அதற்காக என் மனைவி செல்வி வைத்த வேண்டுதல். வீட்டிலிருந்தே நடை. மலைக்காட்டில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால்.

மேலே சன்னதி முன்னால் சூடத்தை வைத்துவிட்டு, "தீப்பெட்டி குடுங்க" என்று கையை நீட்டினாள். பையைக் கொட்டிப் பார்த்தோம். இல்லை.

"நான்தான வச்சேன். எங்கன போச்சு?"

"வேலைக்குக் கெளம்புற பழக்கத்துல என் கை தானா எடுத்து வெளிய வச்சிருக்கும்" என்றேன். கம்பெனி கேட்டில் தினமும் தீப்பெட்டி இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நம்பும்படியான பதில்தான்.

பக்கத்தில் நின்ற தேனிக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சிவகாசிப் பக்கம் என்றதும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே தன் தீப்பெட்டியைக் கொடுத்தார். செல்வி உரசினாள். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் தள்ளிப் போய்விட்டேன்.

இன்று சாயங்காலம் வீட்டைத் திறந்தால் தீப்பெட்டி சன்னலில் இருந்தது. நான் வைத்த இடத்திலேயே. செல்வி பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"நாளைக்கு வேலைக்கு வாரேன்னு சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

குச்சி உரசும் சத்தம் கேட்டது. நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.