உறக்கத்தில் உதைக்கும் மாப்பிள்ளை

மருதமுனை
14.7.1956

அன்பு மகன் றஊபுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

மகன், உன் கடிதம் செய்த வேலையைக் கேள். தங்கச்சி முனவ்வறாவைக் கட்டி நம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஸமட்டுக்கு உறங்கும்போது கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று அவள் உனக்கு எழுதியிருந்தாள் அல்லவா, நீ பதில் போடுவதற்குள் நான் பொறுக்காமல் ஒரு பிழை செய்துவிட்டேன். ஜின் கோளாறுதான் என்று முடிவுகட்டி பள்ளி லெப்பையைக் கூட்டிவந்து தண்ணீர் ஓதுவித்து அவர்மேல் தெளிக்கவைத்தேன். மாமியார் மாப்பிள்ளையோடு முகம் பார்த்துக் கதைப்பது நம்மிடத்தில் வழக்கமில்லையே, அதனால் காரணத்தை நானும் சொல்லவில்லை, வெட்கத்தில் அவளும் சொல்லவில்லை. தன் கால் ஆடுவதே தெரியாத மனிசன், தன்னைப் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். எட்டு நாள் வரவில்லை. மாப்பிள்ளை தாய்வீட்டில் தங்கினால் ஊர் என்ன கதைக்கும் என்று உனக்குத் தெரியும், முனவ்வறா சோற்றைத் தொடவில்லை, இந்தக் கலியாணம் என்னால் முறிந்ததென்றே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் உன் கடிதம் வந்தது. வாப்பா அதைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். உறக்கத்தில் சிலருக்குத் தசை தானாகத் துடிக்கும், அது வலிப்புமல்ல ஜின்னுமல்ல, உதைப்பவருக்கே அது தெரியாது, பெரிய டாக்குத்தரிடமும் கேட்டேன் என்று நீ எழுதியதைக் கேட்டதும் அவருடைய தாய் ஹவ்வா உம்மா, ஓம், இவன்ட வாப்பாவும் இப்புடித்தான் உதைப்பார், நான் பாயத் தள்ளிப் போட்டுத்தான் படுப்பன், ஆரிட்டயும் சொல்லல்ல என்று சிரித்தாவாம். மாப்பிள்ளை கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்துவிட்டு வாப்பாவுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். நான் வழக்கத்தை விட்டுக் கதவோரம் நின்று அவரிடம், மகன், என்னில பிழை, மன்னிச்சிக்கங்க என்றேன். அதெல்லாம் இல்ல மாமி, பசிக்குது என்றார்.

டாக்குத்தருக்குப் படிக்க உன்னைக் கொழும்புக்கு அனுப்பமாட்டேன் என்று அழுதவள் நான். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் இருத்திவைத்து, என் மகன்ட படிப்புத்தான் இந்தக் குடும்பத்தச் சேத்து வச்சது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாப்பா கேலி பண்ணுகிறார், பண்ணட்டும். எனக்கு மனம் நிறைந்து கிடக்கிறது மகன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்காதே. அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத் தருவான். ஒன்றை மறந்துவிடாதே, மாப்பிள்ளை அந்தக் கடிதத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருப்பித் தரமாட்டேன் என்கிறார், உன் எழுத்தில் எனக்கென்று வேறொன்று எழுது.

துஆவுடன்,
உன் உம்மா
ஆயிஷா உம்மா